டெண்டர், பிட் (bid): பொருத்தமான தமிழ்ச் சொல் சொல்லுங்கள்

மும்பைத் தமிழ் நண்பர்களே, தாராவி, மாட்டுங்கா பக்கம் சிறு ஒப்பந்த வேலை எடுப்பவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. 'ஆஃபர்' சிக்கலில்லை. லத்தீனில் 'முன்னே கொண்டுவருதல்'. பழைய ஆங்கிலத்தில் கடவுளுக்குப் படைப்பது. 'டெண்டர்' நீட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது. மென்மையைக் குறிக்கும் டெண்டருக்கு வேர் வேறு. தமிழில் 'ஒப்பந்தப்புள்ளி' நிலைத்துவிட்டது, நல்ல சொல்.

இடிப்பது 'பிட்'தான், அதாவது ஏலத்திலோ டெண்டரிலோ ஒருவர் தன் பங்குக்கு முன்வைப்பது. பழைய ஆங்கிலத்தின் 'முன்வை', 'வேண்டு' என்ற இரு வினைகள் கலந்து உருவானது. ஏலத்தில் 'கேட்பு' அழகாகப் பொருந்துகிறது. டெண்டரிலோ குறைந்த தொகை சொன்னவருக்கே பெரும்பாலும் வேலை; அங்கே 'ஏலம் கேட்டார்' என்றால் பொருளே தலைகீழாகிவிடும். 'விலைப்புள்ளி' என்றால் கொட்டேஷனோடு குழம்பும். டெக்னிக்கல் பிட் (தகுதி, வேலை விவரம்), ஃபைனான்ஷியல் பிட் (தொகை) என்ற இரண்டு உறைகளுக்கும் நீங்கள் எழுதும் சொல் என்ன? பழைய படிவத்தின் படம் இருந்தால் போடுங்கள்.