"பாய் கஸரூன் பட்லா"

மும்பை, தாராவி, 90 அடி ரோடு

மராத்தி தெரியும் என்பதால், எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) யாருக்கு போலீஸ் ஸ்டேஷன் விவகாரம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று தோல் பட்டறைப் பையன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரெண்டு மாதம். செல்போன் திருட்டுச் சந்தேகம். ராத்திரி போய்க் கேட்டால், "அப்படி யாரையும் கொண்டுவரவில்லையே" என்றார்கள். மறுநாள் மதியம்தான் கைது காட்டினார்கள். 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தணும் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. முந்தின ராத்திரி எந்தக் காகிதத்திலும் இல்லை.

மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது பையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தான். உள்ளங்காலில் பெல்ட் அடி. டாக்டர் என்னவென்று கேட்டார். பையன் வாய் திறக்குமுன் ஏட்டு முந்திக்கொண்டார்: "பாய் கஸரூன் பட்லா." கால் வழுக்கி விழுந்தானாம். டாக்டர் அதையே எழுதினார்.

கோர்ட்டில், "காஹி தக்ரார் ஆஹே கா?" என்றார் மாஜிஸ்திரேட். போலீஸ் மேல் புகார் உண்டா என்று தமிழில் கேட்டேன். பையன் எனக்குப் பின்னால் நின்ற ஏட்டைப் பார்த்து, இல்லையென்று தலையாட்டினான். "நாஹி" என்று நான்தான் சொன்னேன். என் வாயால்.

காட்கோபர்

எங்கள் ஏரியாவில் 2002 டிசம்பரில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. அதில் கைதான க்வாஜா யூனுஸ் 27 வயது இன்ஜினியர். 2003 ஜனவரியில், கூட்டிப்போன ஜீப் விபத்தில் சிக்கியபோது தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். போலீஸ் அடித்ததில் அவர் ரத்த வாந்தி எடுத்ததைப் பார்த்தேன் என்று கூடக் கைதானவர் சாட்சி சொன்னார். உடல் கிடைக்கவே இல்லை. அம்மா கோர்ட் கோர்ட்டாக அலைந்தார். "ஓடினவன் பெத்தவளுக்கு ஒரு போன்கூடப் போட மாட்டானா?" என்பார் எங்கப்பா. வழக்கில் சிக்கி சஸ்பெண்டான போலீஸார் 2020-ல் திரும்ப வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

சயான் கோலிவாடா (வக்கீல் குமாஸ்தா)

தாராவி அண்ணே, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அடுத்த தடவை கைது மெமோவில் (கைது செய்ததை எழுதும் காகிதம்) சொந்தக்காரரோ ஏரியாக்காரரோ போட்ட சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, உடம்பில் இருந்த காயத்தை எழுதினார்களா என்று முதலில் பாருங்கள். 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்புறம் ஸ்டேஷன் சிசிடிவி. 2020 டிசம்பர் தீர்ப்புப்படி பதிவை 18 மாதம் வைத்திருக்கணும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம். நாங்களும் ஒரு கேஸில் மனு போட்டோம். கேட்ட மூன்று நாளைக்கு மட்டும் "கேமரா பந்த் ஹோதா", கேமரா ஓடவில்லை என்று பதில் வந்தது. அதே வாரம் ஸ்டேஷன் வாசலில் பைக் திருடியவனை அதே கேமராவை வைத்துத்தான் பிடித்திருந்தார்கள்.