மறுமொழி: பழைய சைக்கிளின் ஆத்தென்டிசிட்டி – எத்தனை சொல் வேண்டும்?

வணக்கம்.

பழைய சைக்கிள் விற்பனையில் புழங்கும் 'ஆத்தென்டிசிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அசல்தன்மை' என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரைக்கு என் ஓட்டு இல்லை. வேலையில் சேர்ந்ததும் பட்டச் சான்றிதழுக்கு 'உண்மைத்தன்மை' கேட்கிறார்களே, அந்தச் சொல்லே போதும். ஏற்கெனவே புழங்குவதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு? சைக்கிளைப் பாகம் பாகமாகப் பேச வரும்போதுதான் சிக்கல்.

ஷ்வின் நிறுவனத்தின் 'க்ரேட்' சைக்கிள்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1968 முதல் 1973 வரை வந்தவை. முன்சக்கரம் சிறியது, 16 அங்குலம், பின்சக்கரம் 20. வாழைப்பழ சீட், மேல்குழாயில் கார் கியர் மாதிரி ஒரு தடி. சிறுவர்களுக்காகச் செய்தது, இன்று பெரியவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

இதன் சட்டத்தில் (ஃப்ரேமில்) அடித்திருக்கும் எண், அது அடிக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும்தான் சொல்லும், மாடலைச் சொல்லாது. 'டிஇ' என்று தொடங்கினால் 1969 ஏப்ரல், அவ்வளவுதான். எனவே அதே ஷ்வினின் சாதாரண 'ஸ்டிங்-ரே' மாடல் வண்டிக்கு க்ரேட்டின் ஸ்பிரிங் முன்கவையும் சீட்டும் மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, க்ரேட் என்று விற்றுவிட முடிகிறது. இதை 'வேட வண்டி' என்றே சொல்லலாம்.

சில வேடங்கள் சீக்கிரம் கலையும். க்ரேட்டில் 'கிரே கோஸ்ட்' என்பது 1971இல் மட்டும் வந்த சாம்பல் நிறம். அதற்கு முந்தைய ஆண்டே எண் அடிக்கும் இடத்தை இடப்பக்கப் பின்அச்சு முனையிலிருந்து முன்கழுத்துக் குழாய்க்கு மாற்றிவிட்டார்கள். எண் பின்னால் இருக்கும் கிரே கோஸ்ட்டுக்குப் பேரம் பேசுவதே வீண். எண் சரியான இடத்தில் இருந்தாலும் அந்தப் பள்ளங்களில் பெயின்ட் தடித்து நிரம்பியிருந்தால், வண்டி மறுபடி பூசப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, சொற்களுக்கு வருவோம். ஃபேக்டரியிலிருந்து அந்த வண்டியோடே வந்த பாகம் ஒன்று. அதே ஆண்டில் செய்த, ஆனால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய பாகம் இன்னொன்று. 1990களின் இறுதியில் ஷ்வினே க்ரேட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. வெளியார் செய்த போலிப் பாகங்களும் கிடைக்கின்றன. இப்படிப் பின்னாளில் செய்த பாகம் மூன்றாவது. முதல் இரண்டையும் 'ஒரிஜினல்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள், விலையோ ஒன்றல்ல.

என் பரிந்துரை: முதலாவது 'பிறவிப் பாகம்', இரண்டாவது 'அக்காலப் பாகம்', மூன்றாவது 'மறுபதிப்புப் பாகம்'. ஒருவர் 'சமகாலப் பாகம்' என்றார். சமகாலம் என்றாலே இன்றைய காலம் என்றுதான் வாசிப்போம், அது ஆகாது. 'உடன்பிறப்பு' அழகான சொல்தான். ஆனால் சைக்கிள் பெடலைப் பார்த்து அப்படிச் சொன்னால் மேடையும் மைக்கும்தான் நினைவுக்கு வரும்.

மறுபதிப்பு என்பதில் ஒரு நெருடல் உண்டு: நிறுவனமே செய்ததையும் வெளியார் செய்ததையும் அது பிரிக்காது. பின்னதற்கு 'நகல் பாகம்' போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சொல் 'பட்டினா', அதாவது வயதானதால் பொருளின் மேற்பரப்பில் வரும் மங்கலும் நிறமாற்றமும். அதற்குக் 'களிம்பு' வேண்டாம் ஐயா. களிம்பு செம்பிலும் பித்தளையிலும் ஏறுவது. மங்கிய குரோமுக்கும் வெயிலில் வெளுத்த பெயின்டுக்கும் ஒட்டாது. அப்புறம், அது தேய்த்துப் போக்க வேண்டிய அழுக்கு என்ற எண்ணத்தையும் தருகிறது. சேகரிப்பவர்களோ அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். 'மூப்புநிறம்' என்று யோசித்தேன், முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.