புதுப்பிப்பு: எம்பிஏ வகுப்புச் சந்திப்புக்குப் போய் வந்தேன்

ஆட்குறைப்பில் வேலை போன நிலையில், 15 ஆண்டுகளுக்குப் பின் கூடும் எம்பிஏ வகுப்புத் தோழர்களை எந்த முகத்தோடு பார்ப்பது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். "பேசாமல் போ" என்று அதட்டியவர்களுக்கு நன்றி. போனேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. "இப்போது எங்கே வேலை?" என்ற கேள்வி ரசத்துக்கு முன்பே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். எதிரே இருந்தவன், வகுப்பில் எப்போதும் முதலிடம் பிடித்தவன், "எனக்கு இரண்டு முறை ஆகிவிட்டது" என்றபடி அப்பளத்தை நொறுக்கினான். வங்கியை உதறிய தோழி பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். சம்பளம் பாதியானதாம், தூக்கம் திரும்பியதாம். 42 வயதில் அப்பாவான ஒருவன் தந்தையர் விடுப்பில் இருக்கிறான் (2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம் என்பது சட்டம்). சட்டைத் தோளில் பால் கறை. எங்களில் மூத்தவரின் மகன் தேசிய சேவையில் (இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை). மொட்டைத் தலைப் படத்தை மூன்று முறை காட்டினார். பதவிப் பெருமை பேசிய இருவரும் இருந்தார்கள், விடுங்கள்.

40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் திறன் பயிற்சிக்காக அரசு தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை இன்னும் தொடவில்லை என்றதும் மேசையே திட்டியது. செவ்வாயன்று வகுப்பில் சேர்கிறேன். சாப்பாட்டுக்கு என்னைப் பணம் கொடுக்க விடவில்லை. அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.