கலைச்சொல் மடல்: நாய்க்கு மாட்டும் 'ஹார்னஸ்' – சேணமா, மார்ப்பட்டையா, உடல்வாரா?

மடல் 1 (ஓசூர், சொற்பட்டியல் தொகுப்பு)

அனைவருக்கும் வணக்கம்.

சிறுநாய் வளர்ப்போருக்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் தொகுத்து வருகிறோம். 'காலர்' என்பதற்குக் கழுத்துப்பட்டை நிலைத்துவிட்டது. கழுத்தை விட்டு உடம்பில் மாட்டும் 'ஹார்னஸ்' மட்டும் இன்னும் நிற்கவில்லை. அப்படியே ஒலிபெயர்த்து வைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு தடை: ஓசூரில் வண்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் வண்டிக்குள் ஓடும் மின்கம்பிக் கட்டுதான் நினைவுக்கு வரும். உயரத்தில் ஏறிக் கட்டட வேலை செய்கிறவர் மாட்டிக்கொள்வதற்கும் அதே பெயர். நாய்ப்பொருள் கடையிலோ கழுத்தில் கட்டுவது 'பெல்ட்', உடம்பில் மாட்டுவது 'பாடி பெல்ட்' அல்லது 'செஸ்ட் பெல்ட்'.

என் கையில் இருப்பவை நான்கு: சேணம், மார்ப்பட்டை, மார்வார், உடல்வார். பொருளை நன்கு அறிந்தவர்கள் எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள். அது உடம்பில் எங்கே படிகிறது, இழுக்கும்போது பாரம் எங்கே விழுகிறது, கழுத்துப்பட்டை எங்கே போதும் என்பதையும் சேர்த்து எழுதினால் சொல்லின் விளக்கக் குறிப்புக்கு உதவும்.

மடல் 2 (கிருஷ்ணகிரி, கால்நடை மருத்துவம்)

ஐயா, வணக்கம்.

சேணம் வேண்டாம். ஓசூரை அடுத்த மத்திகிரிப் பண்ணை ஒரு காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த இடம். சேணம் இந்தப் பக்கத்துக்குப் புதிய சொல் அல்ல. ஆனால் அதைக் கேட்டதும் முதுகின் மேல் உட்காரும் இருக்கைதான் கண்முன் வரும். நாய்க்கு மாட்டும் பொருளில் முதுகு வெறும் பிடிமானம். பாரத்தைத் தாங்க வேண்டியது முன்மார்பின் எலும்பு. எந்தச் சொல்லை வைத்தாலும் வாங்குகிறவர் கை அந்த எலும்பைத் தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காரணம் இது. நாயின் மூச்சுக்குழல் வரிசையான குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. அவை முழு வட்டம் அல்ல. மேற்புறம் திறந்த பிறை, அந்தத் திறப்பை மூடுவது ஒரு மெல்லிய சவ்வு. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில் போன்ற சிற்றினங்களில் நடுவயதுக்கு மேல் இந்த வளையங்கள் வலுவிழந்து தட்டையாவது உண்டு. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வரும்; கழுத்தைப் பிடித்து இழுத்தால் கூடும். வளையம் தளர்வதற்குக் கழுத்துப்பட்டைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தளர்ந்த குழலின் மேல் பட்டை அழுத்துவதுதான் இருமலைக் கிளப்புகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள நாய் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடி, கயிறு தீர்ந்து பத்தில் ஒரு நொடிக்குள் நின்றால் விழும் விசை 120 நியூட்டன். ஏறக்குறைய 12 கிலோ பாரம், அதாவது நாயின் எடையைப் போல நான்கு மடங்கு. 1 செ.மீ. அகலப் பட்டை தொண்டையின் முன்பக்கத்தில் 6 செ.மீ. நீளத்துக்குத்தான் படியும் என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 2 கிலோ. அதே விசை 2 செ.மீ. அகல வாரில் 15 செ.மீ. நீளத்துக்குப் பரவினால் 400 கிராம். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு. விழுவதும் எலும்பின் மேல்.

கண்ணையும் மறக்கக் கூடாது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், கழுத்துப்பட்டையை இழுத்தபோது நாய்களின் கண்ணுள் அழுத்தம் கூடியது. உடலில் மாட்டியதை இழுத்தபோது கூடவில்லை. கண்ணழுத்த நோய் உள்ள நாய்க்கும், பக் போலக் கண்குழி ஆழமில்லாத நாய்க்கும் இது முக்கியம். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, செயற்கைக் கழுத்தில் பலவகைப் பட்டைகளை இழுத்து அளந்தது. இழுக்கிற நாய்க்குக் காயம் வராது என்று சொல்லும்படி ஒரு பட்டையும் தேறவில்லை. மெத்தை வைத்தவையும் அதில் அடக்கம்.

ஆகவே என் ஓட்டு மார்ப்பட்டைக்கு.

மடல் 3 (தருமபுரி, நாய்ப் பயிற்சி)

டாக்டர் ஐயா சொன்ன உடற்கூறு முழுவதும் சரி. சொல்லில்தான் மாறுபடுகிறேன்.

மார்ப்பட்டை என்றால் மார்பைச் சுற்றிய ஒற்றைப் பட்டை என்று பொருள்படுகிறது. கடையில் அப்படியே ஒரு வகை இருக்கிறது: மார்பின் குறுக்கே படுக்கையாக ஓடும் பட்டையும், முன்காலுக்குப் பின்னால் ஒரு சுற்றும். நாய் தலையைத் தாழ்த்தி இழுக்கும்போது இந்தக் குறுக்குப் பட்டை மேலேறித் தொண்டையில் உட்காரும். பிறகு அதற்கும் கழுத்துப்பட்டைக்கும் வித்தியாசம் இல்லை. பெயர் மார்ப்பட்டை, அழுத்துவது தொண்டையை. நல்ல வகை, முன்னிருந்து பார்த்தால் கவட்டைக் குச்சி போல இருக்கும்: இரண்டு கிளை தோளுக்கு மேல் போக, தண்டு மார்பெலும்பின் மேல் இறங்கி முன்கால்களுக்கு நடுவே வயிற்றுச் சுற்றோடு சேரும். இரண்டையும் அடக்கும் பொதுப்பெயர் வேண்டும். கடைக்காரர் 'பாடி பெல்ட்' என்பது ஒரு வகையில் சரியான பார்வை. எனவே பொதுப்பெயர் உடல்வார். வகைப்பெயர் கவை உடல்வார், குறுக்கு உடல்வார்.

கவை வகையிலும் குறை உண்டு. 2019இல் வெளியான நடை ஆய்வில் இரண்டு வகையும் தோள் முன்னே நீளுவதைக் குறைத்தன. தோளைத் தடுக்காது என்று பெயரெடுத்த கவை வகைதான் கூடுதலாகக் குறைத்தது. நாள் முழுவதும் மாட்டி வைக்கும் பொருள் இது அல்ல என்பதற்கு இது ஒரு காரணம்.

மார்வாரை விட்டுவிடலாம். எழுத்தில் ராஜஸ்தானத்து ஊர்ப்பெயராகவே படிக்கப்படும்.

வினைச்சொல்லும் தேவை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், பூட்டுவது இழுப்பதற்காக. மாட்டுக்கு நுகத்தடி எப்படித் தொண்டையை விட்டுத் திமிலில் பாரம் ஏற்றுகிறதோ, அப்படித்தான் முதுகு வளையத்தில் கயிறு கோத்த உடல்வாரும்: நாய்க்கு எங்கும் வலிக்காது, சாய்ந்து இழுக்கத் தோது. காப்பகத்து நாய்களை வைத்து 2021இல் வந்த ஆய்வும் உடல்வாரில் இழுப்பு கூடியதாகவே சொல்கிறது. எனவே நாய்க்கு 'மாட்டு' என்றே எழுதுவோம், 'பூட்டு' வேண்டாம். உடல்வார் இழுப்பை நிறுத்தாது. இழுத்தாலும் கழுத்தைக் காக்கும், அவ்வளவுதான். இழுப்பை நிறுத்துவது பயிற்சி. கயிறு இறுகியதும் நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வந்தோ கயிறு தொய்ந்ததும் தீனியை உங்கள் காலருகே கொடுத்து நடங்கள். வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு வாசல், பிறகு தெரு. இறுகியபோது ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும், இழுத்தால் போகலாம் என்றே நாய் படிக்கும். தானாகச் சுருண்டு இழுபடும் கயிற்றை இந்தப் பயிற்சியில் தொடவே கூடாது. அதில் கயிறு எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் தொய்வு என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாமலே போகும்.

முன்வளையம், முதுகுவளையம் இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனியாகச் சேருங்கள். மார்பில் இருக்கும் முன்வளையத்தில் கோத்தால் இழுக்கிற நாய் பக்கவாட்டில் திரும்பும், இழுப்பு குறையும். ஆனால் டாக்ஸ்ஹண்ட் போலத் தாழ்ந்த நாய்க்குக் கயிறு முன்காலில் சிக்கும், சிறுநாய்க்கு வார் முழுவதும் ஒருபக்கம் சரியும். 5 மீட்டருக்கு மேற்பட்ட நெடுங்கயிறு முதுகுவளையத்துக்கு மட்டுமே. அதைக் கழுத்துப்பட்டையில் கோத்தால் டாக்டர் ஐயா போட்ட 120 நியூட்டன் கணக்கு அப்படியே நடந்துவிடும்.

பழக்கும்போது தலைவழியாக மாட்டும் வகையை நாயின் மேல் கொண்டுபோகாதீர்கள். கழுத்து வளையத்துக்கு அப்பால் தீனியைப் பிடித்து, மூக்கைத் தானே நுழைக்க விடுங்கள். வாரின் முனைகளை இணைக்கும் கொளுவி 'டக்' என்று பூட்டும் சத்தத்தை முதலில் தள்ளி வைத்துக் கேட்கவிட்டுத் தீனி கொடுங்கள். மாட்டியதும் நாய் சிலை மாதிரி நின்றால் அது அடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம், பயந்து நிற்கிறது. கழற்றிவிட்டு ஒருபடி பின்னிருந்து தொடங்குங்கள்.

மடல் 4 (பென்னாகரம், நாடா தைப்பவர்)

வணக்கம் அய்யா, அம்மா.

தைக்கிற பக்கமிருந்து கொஞ்சம். பட்டை என்றால் அகலமான ஒற்றைத் துண்டு. வார் என்றால் இழுவை தாங்குவது. செருப்பு வார் அறுந்தது என்று எல்லாரும் சொல்வதுதான். பல துண்டு சேர்த்துக் கட்டுவதற்கு வார் பொருந்தும். தோலா நைலானா என்பது கேள்வி இல்லை.

5 கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் நாடா போதும். ஒரு இன்ச் நாடாவை மாட்டினால் அக்குளில் உராய்ந்து முடி உதிரும். கண்ணி வளையம் வரும் இடத்தில் ஒற்றைக் கோட்டுத் தையல் நிற்காது. சதுரம் அடித்து உள்ளே பெருக்கல் குறி அடிக்க வேண்டும். வழவழப்பான நைலான் நாடா, அளவைக் கூட்டிக் குறைக்கும் இறுக்கியில் நிற்காமல் மெல்ல மெல்ல நழுவி அளவு தளரும். காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் தலையைத் தாண்டிப் போகும். மொறமொறப்பான நாடாவாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கொளுவி வெயிலில் கிடந்தால் வெளுத்து முறியும். வெளுப்பு தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். கயிற்றின் கொக்கியும் சின்னதாக இருக்கட்டும். பெரிய நாய்க்கான இரும்புக் கொக்கியைச் சிறுநாய்க்குப் போட்டால் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அதன் மேல் இடிக்கும்.

மடல் 5 (கிருஷ்ணகிரி, கால்நடை மருத்துவம்)

தருமபுரி அம்மா சொன்ன உடல்வாரை ஏற்கிறேன். ஒன்று மட்டும்: மார்ப்பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கவையின் தண்டாக மார்பெலும்பின் மேல் படியும் அந்த ஒரு துண்டுக்கு அதையே பெயராக வையுங்கள். 'மார்ப்பட்டை தொண்டைக்கு ஏறினால் அளவு தவறு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அளவு எடுப்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்கவும். முன்காலுக்குப் பின்னால் மார்பு அகன்ற இடத்தில் சுற்றளவு, கழுத்தின் அடிப்பாகத்தில் இன்னொன்று. நம் பக்கம் பொமரேனியன் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ். இரண்டுக்கும் முடி அடர்த்தி. முடியைப் பிரித்துத் தோலோடு நாடா படும்படி அளக்க வேண்டும். முடியின் மேல் அளந்து வாங்கியது நாயைக் குளிப்பாட்டிய அன்று தொளதொளத்துப் போகும். வாருக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய நாய்க்கு இரண்டு விரல் என்பார்கள். 5 கிலோவுக்குட்பட்டதற்கு ஒரு விரல் போதும். வயிற்றுச் சுற்று முன்கால் முழங்கைக்கு 2 முதல் 3 செ.மீ. பின்னால் நிற்க வேண்டும். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை மறுபடி அளவு பாருங்கள்.

தருமபுரி வெயிலில் தடித்த பஞ்சு வைத்த சட்டை வகை வேண்டவே வேண்டாம். பக்குக்கு மூச்சுப் பாதை முன்பே குறுகல். மேல்சட்டை உடற்சூட்டைப் பிடித்து வைக்கும். வலைத்துணியோ வெறும் நாடாவோ போதும். மழையில் நனைந்த வாரை நாயின் மேல் காயவிடாதீர்கள், தோல் புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, வார் படிந்த இடத்தில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடியது.

கழுத்துப்பட்டைக்கு உரிய வேலை அப்படியே இருக்கிறது: பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லையைத் தாங்குவது. கயிறு கோக்காத பட்டை நாயின் கழுத்தை ஒன்றும் செய்யாது. இருமலோ கண் நோயோ இல்லாமல், கயிறு தொய்வாக நடக்கப் பழகிய நாயைப் பட்டையில் கோத்து நடத்துவதற்கும் தடையில்லை. சுருக்குச் சங்கிலி மட்டும் எந்தச் சிறுநாய்க்கும் எப்போதும் கூடாது.

மடல் 6 (ஓசூர், சொற்பட்டியல் தொகுப்பு)

அனைவருக்கும் நன்றி. இப்படிப் பதிகிறேன்:

கழுத்துப்பட்டை. உடல்வார், அதன் வகைகள் கவை உடல்வார், குறுக்கு உடல்வார். உறுப்புகள்: மார்ப்பட்டை, வயிற்றுச் சுற்று, முன்வளையம், முதுகுவளையம், கொளுவி, இறுக்கி. வினை: மாட்டு, கழற்று. கையில் பிடிப்பதற்குப் பிடிவார். பேச்சில் கயிறு என்பதும் இருக்கட்டும்.

ஒன்று விடுபட்டது. மிரண்ட சிறுநாய் பின்பக்கமாக ஊர்ந்து, முன்கால்களை மடக்கி உடல்வாரிலிருந்து உருவிக்கொள்ளும். பட்டாசு வெடிக்கும் நாளிலும் எருது விடும் விழா நடக்கும் தெருவிலும் இந்த ஆபத்து அதிகம். அதற்காக முதுகுவளையத்தையும் கழுத்துப்பட்டை வளையத்தையும் சேர்த்து ஒரு துண்டு வாரை இரு முனைக் கொக்கியோடு மாட்டுகிறார்கள். தமிழில் பெயர் எதுவும் கண்ணில் படவில்லை. 'காப்புவார்' என்று எழுதியிருக்கிறேன். விளக்கம்: "உடல்வார் கழன்றால் மட்டும் இறுகும் துணைவார். சாதாரண நடையில் தொய்ந்தே இருக்க வேண்டும். சிறுநாய்க்கு 15 முதல் 20 செ.மீ. நீளம்." தருமபுரி அம்மா நீளத்தைச் சரிபார்த்துச் சொன்னால் இன்றே சேர்த்துவிடுகிறேன்.

மடல் 7 (தருமபுரி, நாய்ப் பயிற்சி)

காப்புவார் நல்ல சொல். நீளத்தை எண்ணாகக் கட்டிப்போட வேண்டாம். நாய் தரையை முகரத் தலையைக் குனிந்தபோதும் வார் இறுகாமல் இருக்கும் அளவே சரியான நீளம். கழுத்து நீண்ட நாய்க்கு 20 செ.மீ.யும் போதாது. ஆனால் சரியான நீளத்துக்கு மேல் இரண்டு விரலைத் தாண்டித் தொய்வு விட்டால் முன்கால் அதில் நுழைந்துகொள்ளும்.