உறைபனிக் காலையில் ஒருமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும் கார்

பழைய சாவி கேட்கிறார்:

அப்பா ஓட்டிய கார் இப்போது என் கையில். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வண்டி, கையால் இழுக்கும் சோக், பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். மற்ற நாட்களில் குறையே சொல்ல முடியாது, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் காலைகளில்தான் வம்பு. சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துப் பழகிய மாதிரி ஆக்சிலரேட்டரை ஏழெட்டுத் தடவை மிதித்துச் செல்ஃப் அடிப்பேன். ஒருமுறை இருமும், ஓடப்போவது போல ஆசை காட்டும், அணைந்துவிடும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் சும்மா சுற்றுகிறது. பெட்ரோல் வாடைதான் மூக்கைத் துளைக்கிறது.

இன்று காலை மைனஸ் 9. பேட்டரி போன மாதம் மாற்றியது, பிளக்கும் புதுசு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். அதில் கைவைக்கப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

அவசரக்காரன்:

ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஒரு அடி அடித்துவிட்டுச் செல்ஃப் போடுங்கள். என் வண்டி அதில்தான் ஓடுகிறது.

ஸ்பானர் தாத்தா:

தம்பி, கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். ஸ்ப்ரேயும் வேண்டாம். அது ஈதர். கொஞ்சம் கூடிப்போனால் கார்புரேட்டர் வாய் வழியாகத் திருப்பி வெடிக்கும், புருவம் கருகினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: "ஒருமுறை இருமும்." அப்படியென்றால் ஸ்பார்க் வருகிறது, பெட்ரோலும் வருகிறது. இருமிய பிறகு தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டியதுதான் கிடைக்கவில்லை.

பெட்ரோல் திரவமாக இருந்தால் எரியாது, ஆவிதான் எரியும். சூடான இன்ஜினுக்கு எடைக் கணக்கில் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும். குளிரில் அந்த ஒரு பங்கில் கொஞ்சம்தான் ஆவியாகும், மிச்சமெல்லாம் மேனிஃபோல்டு (கலவை சிலிண்டருக்குப் போகும் குழாய்) சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சோக் தகடு காற்றை அடைத்து, இழுப்பைக் கூட்டி, பெட்ரோலைக் கூடுதலாக வரவழைக்கிறது.

நீங்கள் பெடலை மிதிப்பது வேறு சங்கதி. என்ஜின் அணைந்திருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, யாரையாவது ஒருமுறை மிதிக்கச் சொல்லிவிட்டு உள்ளே பாருங்கள் (பக்கத்தில் சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது). ஊசி முனை மாதிரி ஒரு துளையிலிருந்து பெட்ரோல் சர்ரென்று பீய்ச்சும். அதுதான் ஆக்சிலரேட்டர் பம்ப். ஏழெட்டுத் தடவை பீய்ச்சினால் பிளக் குளித்துவிடும். எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் என்றால் இந்தப் பம்ப்பே கிடையாது, அதில் எத்தனை தடவை மிதித்தாலும் கால்தான் வலிக்கும்.

என் சந்தேகம் இதுதான்: உங்கள் சோக் முழுசாக மூடவில்லை. பீய்ச்சிய பெட்ரோலில் ஒரு இருமல் வருகிறது. அடுத்த மூச்சுக்கு சோக் கொடுக்க வேண்டியது வராததால் அணைகிறது. நீங்கள் மறுபடி மிதிக்கிறீர்கள், பிளக் நனைகிறது. அப்பா ஏழெட்டு மிதித்ததும் இந்தச் சோக்கை ஈடுகட்டத்தானோ என்னவோ! மூடியைத் திறந்தபடியே சோக்கை இழுத்து, தகடு வாயை அடைக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அது சரியானதும் காலையில் இப்படிச் செய்யுங்கள். ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் ஆஃப். கிளட்ச்சை மிதித்துக்கொள்ளுங்கள், குளிரில் கியர்பாக்ஸ் ஆயில் பசையாகிவிடும், அதையும் சேர்த்துச் சுற்றும் பாரம் செல்ஃபுக்கு எதற்கு? சோக் முழுக்க, பெடல் மெதுவாக இரண்டே தடவை, பிறகு காலை எடுத்துவிட்டுப் பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், முழுச் சோக்கில் விட்டால் கறுப்புப் புகைதான். நின்ற இடத்தில் சூடேற்றிக்கொண்டிருக்காமல் நிதானமாகக் கிளம்பி, ஓட ஓடச் சோக்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அதிகச் சோக்கில் வெகுநேரம் ஓடினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? சோக்கை உள்ளே தள்ளி, பெடலைத் தரைவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். நடுவில் பெடலை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது.

பழைய சாவி:

தாத்தா, வண்டி நாலைந்து நாள் நின்றிருந்தால் இன்னும் மோசம். அதுவும் இதனால்தானா?

ஸ்பானர் தாத்தா:

அது வேறு. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் காய்ந்து போயிருக்கும். என்ஜின் ஓட்டும் பெட்ரோல் பம்ப் அதை நிரப்பக் கொஞ்ச நேரம் சுற்ற வேண்டும். அன்றைக்கு முதலில் செல்ஃப் அடித்துவிட்டுப் பிறகு மிதியுங்கள். காலி கிண்ணத்திலிருந்து ஆக்சிலரேட்டர் பம்ப் எதைப் பீய்ச்சும்?

மின்சாரப் பக்கம்:

தாத்தா சொன்னதோடு இதையும் பாருங்கள். புது பேட்டரி என்றால் நிறைந்த பேட்டரி என்று அர்த்தமில்லை. ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மைனஸ் 18 வாக்கில் நல்ல பேட்டரியின் பலமே ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே குளிரில் 20டபிள்யூ-50 ஆயில் தேன் மாதிரி ஆகி, செல்ஃப் இழுக்கும் கரன்ட் கூடும், ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் வோல்டேஜ் இறங்கும். செல்ஃப் முனகிக்கொண்டே சுற்றினால் சந்தேகப்படுங்கள். கையேட்டில் குளிர்காலத்துக்கு 10டபிள்யூ-30 சொல்லியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய சாவி:

நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன். சோக் குமிழை முழுக்க இழுத்தும் தகட்டின் ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி! கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளாம்ப்பின் திருகு தளர்ந்திருந்தது. இழுத்தால் கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்கிறது, தகடு பாதியில் நின்றுவிடுகிறது. முடுக்கினேன், டப்பென்று மூடியது. பிளக்குகளைக் கழற்றினால் நாலும் கறுத்து ஈரம். துடைத்துக் காயவைத்துப் போட்டேன்.

இன்று மைனஸ் 7. இரண்டு மிதி, காலை எடுத்தேன், மூன்று நான்கு சுற்றில் பிடித்தது. வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இருந்தப்ப கூட இப்படிப் பிடிச்சதில்லை" என்றார்.

இன்னொன்று. போன வாரம் மூடுபனி, பிளஸ் 4 இருக்கும். கால் மணி நேரம் ஓடியதும் இழுவை குறைந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அதுவும் சோக்தானா?

ஸ்பானர் தாத்தா:

இல்லை, அது கார்புரேட்டருக்குள் ஐஸ். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும், ஈரக்காற்றின் தண்ணீர் த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் தகடு) உறைந்துவிடும். காய்ந்த மைனஸ் 9-ஐ விட ஈரமான பிளஸ் 4-தான் இதற்கு ஆபத்து. நின்றதும் என்ஜின் சூட்டில் அது உருகிவிடும், தடயமே இருக்காது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்றைக் கொண்டுவரும் வளைகுழாய் இருக்கிறதா பாருங்கள்.

பழைய சாவி:

ஃபில்டர் டப்பாவின் அடியில் அதற்கான வாய் மட்டும் இருக்கிறது. குழாயைக் காணோம். அப்பாவின் பழைய சாமான் பெட்டியில் தேடிப் பார்க்கிறேன்.