லான்ஸ்டலைட் தனி கார்பனா, இல்ல அடுக்கு பிசகின வைரமா?

பென்சில்முனை:
வைரம், கிராஃபைட், ஃபுல்லரின்னு போடற பட்டியல்ல இப்ப எல்லாரும் லான்ஸ்டலைட்டையும் தனி புறவேற்றுமை வடிவமா (அதே கார்பன், அணு அடுக்கு மட்டும் வேற) சேர்த்துடறாங்க, கூடவே "வைரத்தை விட கெட்டி"னு ஒரு வரி. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. அரிசோனாவில ரொம்பக் காலம் முன்னாடி விழுந்த கேன்யன் டையாப்லோ விண்கல்லுல இது இருக்குன்னு 1967-ல சொல்லி, படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேல் பேரை வச்சாங்க. ஆனா கையில இருந்தது கிராஃபைட்டும் சாதா வைரமும் கலந்து கிடந்த பொடித் துணுக்கு, எக்ஸ்ரே படத்துல கூடுதலா சில கோடு, அவ்வளவுதான். 2014-ல அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க அதே விண்கல்லை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல அணு வரிசை தெரியற அளவுக்குப் பார்த்துட்டு, இது அடுக்கு பிசகின சாதாரண கனசதுர வைரம்தான், தனிப் பொருளா ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்க. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வச்ச கதை இது.

கரியடுப்பு:
சார், அந்தக் கட்டுரை சொன்னது அவங்க பார்த்த மாதிரிகள்ல தனியா இல்லன்னுதான். அப்படி ஒரு அமைப்பு இருக்கவே முடியாதுன்னு ஆயிடுமா? பழக்கடையில ஆரஞ்சு அடுக்கறதை நினைச்சுப் பாருங்க. முதல் வரிசை மேல ரெண்டாவது வரிசை குழியில உக்காருது. மூணாவது வரிசைக்கு ரெண்டு வழி, புதுக் குழியில உக்காரலாம், இல்ல முதல் வரிசைக்கு நேர் மேலயே உக்காரலாம். முதல் வழியிலயே போனா நம்ம மோதிரத்து வைரம், ரெண்டாவது வழியிலயே போனா அறுகோண வைரம், அதாவது லான்ஸ்டலைட். ரெண்டுலயும் ஒவ்வொரு கார்பனுக்கும் நாலு கை, நாலு பிணைப்பு. ஆனா சாதா வைரத்துல ஆறு அணு வளையம் எல்லாமே நாற்காலி வடிவம், இதுல படகு வடிவமும் வருது. +2 வேதியியல்ல சைக்ளோஹெக்சேன் படிச்சவங்களுக்கு இது புரியும். இது எப்படி தனி வடிவம் ஆகாது?

பென்சில்முனை:
தாள்ல வரைஞ்சா தனி வடிவம்தான், அதை நான் மறுக்கல. ஆனா அடுக்கும்போது ஒரு வரிசை தப்பா உக்காந்துட்டா அந்த இடத்துல மட்டும் அறுகோணம் மாதிரி தெரியும். அந்தத் தப்புக்கு ஒரு பேர் வச்சு கனிமப் பட்டியல்ல ஏத்தலாமா? எத்தனை வரிசை தொடர்ந்து சரியா வந்தா பொருள்னு ஒத்துக்கறது, அதைச் சொல்லுங்க முதல்ல.

ஆன்வில்_அக்கா:
ரெண்டு பேரும் கடைசி வடிவத்தைப் பத்தி மட்டும் பேசறீங்க, அது எந்த வழியா வந்துச்சுங்கறதை விட்டுட்டீங்க. நான் டயமண்ட் ஆன்வில் செல்லுல (ரெண்டு வைர முனைக்கு நடுவுல பொருளை வச்சு நசுக்கற கருவி) வேலை பார்த்தவ, அதனால சொல்றேன். கிராஃபைட்டுல ஒரே அடுக்குக்குள்ள கார்பனுக்கும் கார்பனுக்கும் 1.42 ஆங்ஸ்ட்ராம், அடுக்குக்கும் அடுக்குக்கும் 3.35. வைரத்துல எல்லாமே 1.54. அப்ப தட்டையா இருக்கற அடுக்கு மடங்கி நெளிஞ்சு பக்கத்து அடுக்கைப் பிடிச்சாகணும், எந்தப் பக்கம் சறுக்கிப் பிடிக்குதோ அதை வச்சுத்தான் எந்த வைரம்ங்கறது தீர்மானம் ஆகுது. 1954-ல ஜெனரல் எலக்ட்ரிக்ல டிரேசி ஹால் செயற்கை வைரம் பண்ணின முறையில உருகின உலோகத்துல கார்பன் கரைஞ்சு திரும்பப் படியுது, அந்த அணுவுக்கு தான் கிராஃபைட்டா இருந்த ஞாபகமே இருக்காது, அதனால கனசதுரம்தான் வரும். திடப்பொருளா இருக்கும்போதே நசுக்கினாத்தான் பழைய அடுக்கோட சாயல் மிஞ்சும்.

இன்னொண்ணு, சூடே பண்ணாம நசுக்கினா என்ன ஆகும்? 2003-ல வந்த ஆய்வுல சுமார் 17 கிகாபாஸ்கல்ல (ஒரு கிகாபாஸ்கல்னா வெளிக்காத்து அழுத்தத்தைப் போல சுமார் பத்தாயிரம் மடங்கு), அறை வெப்பநிலையில, கிராஃபைட் அழுத்தற வைரத்துலயே பள்ளம் விழ வைக்கற அளவுக்கு கெட்டியாயிடுச்சு. அழுத்தத்தை எடுத்தா திரும்பவும் பழைய கிராஃபைட். அது என்ன அமைப்புன்னு சொல்ல கம்ப்யூட்டர்ல எத்தனை பேர் இறங்கினாங்க தெரியுமா, அஞ்சும் ஏழுமா வளையம் இருக்கற எம்-கார்பன், நாலும் எட்டுமா இருக்கற பிசிடி-சி4, அப்புறம் டபிள்யூ, இசட்னு வரிசையா.

பென்சில்முனை:
அக்கா, நீங்க சொல்றது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்குது. ஒரே எக்ஸ்ரே கோட்டுக்கு நாலு அமைப்பும் பொருந்துதுன்னா அதுல எதை "கண்டுபிடிச்சோம்"னு சொல்றது? பிசி8-னு இன்னொரு அணு அமைப்பையும் பாருங்க, 1000 கிகாபாஸ்கல் தாண்டினா வைரம் அதுவா மாறிடும்னு எத்தனையோ வருஷமா கணக்கு போட்டு சொல்றாங்க. பூமியோட மையத்துலயே சுமார் 360-தான். 2021-ல அமெரிக்காவோட நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில லேசரால 2000 வரைக்கும் நசுக்கியும் வைரம் வைரமாத்தான் இருந்துச்சு.

கரியடுப்பு:
அதுலதான் சார் விஷயமே இருக்கு. மாறலங்கறதால அந்தக் கணக்கு பொய்னு ஆகாது, மாற நேரமும் வழியும் கிடைக்கலன்னு அர்த்தம். லேசர் அழுத்தம் நிக்கறது நானோசெகண்ட் கணக்குல, அதுக்குள்ள அத்தனை பலமான பிணைப்பையும் உடைச்சுக் கட்டணும். நம்ம ஊர் வெளிக்காத்து அழுத்தத்துல கிராஃபைட்தான் நிலையானது, அந்தக் கணக்குப்படி மோதிரத்துல இருக்கற வைரம் கிராஃபைட்டா மாறியாகணும், மாறுதா? சிலிக்கான்ல பிசி8 அமைப்பை 1963-லயே செஞ்சு கையில எடுத்தாச்சு. நீங்க கேக்கறது கட்டியா ஒரு துண்டுன்னா, 2025-ல சீனாவில ரெண்டு குழு அறுகோண வைரத்தை மில்லிமீட்டர் அளவுக்கே செஞ்சிருக்காங்க. ஒரு குழு ஒற்றைப் படிக கிராஃபைட்டை எடுத்து, அழுத்தம் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருக்கும்படி பார்த்து சூடாக்கினாங்க. அக்கா சொன்ன அந்தப் பழைய அடுக்கோட சாயலை விடாமப் பிடிச்சதாலதான் அது வந்துச்சு.

பென்சில்முனை:
மில்லிமீட்டர் துண்டுன்னா ஒத்துக்கறேன், அதை வெட்டலாம், அளக்கலாம், அடுக்கு எண்ணலாம். ஆய்வகத்துல செஞ்சது தனி வடிவம், அதுல எனக்கு இனி வழக்கு இல்ல. ஆனா அதைக் காட்டி 1967 விண்கல்லுத் துணுக்கும் அதேதான்னு சொல்ல விடமாட்டேன், 2014-ல எழுதின கேள்விக்கு பதில் அந்தக் கல்லுல இருந்தேதான் வரணும்.

ஆன்வில்_அக்கா:
அது நியாயம்தான் தம்பி. நான் தயங்கறது கெட்டி பத்தின எண்ணுல. அந்த ரெண்டு குழுவுல ஒருத்தர் 155 கிகாபாஸ்கல்னு (கெட்டியையும் அதே அலகுலதான் சொல்வாங்க) சொல்றாங்க, இன்னொருத்தர் சாதா வைரத்தை விட கொஞ்சம் அதிகம்னு நிறுத்திக்கறாங்க. கெட்டி அளக்க நாம குத்தற முனையே சாதா வைரம், மாதிரி அதை விட கெட்டின்னா முனையும் சேர்ந்து நசுங்கும், அப்ப பள்ளத்தோட அளவை எந்த அளவுக்கு நம்பறது? ரெண்டு மாதிரியையும் ஒரே ஆய்வகத்துல, ஒரே எடை வச்சுக் குத்திப் பார்க்கணும்.