அப்பா மறுபடி நடக்க: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 4 மாதம் ஆகிறது. இடது பக்கம்தான் பாதிப்பு. வலது கையில் ஊன்றுகோலுடன் ஒரு அறையைக் கடந்துவிடுகிறார், திரும்பும்போதுதான் தள்ளாடுகிறார். இடது பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் தரையில் உரசுகிறது. அந்தச் செருப்பு நுனியில் மட்டும் தேய்ந்துபோய்விட்டது. நேற்று இடது தோள் கதவு நிலையில் இடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, உடல் எடையை இடது காலுக்கு மாற்றுவது எல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் செய்கிறோம். படி ஏற நல்ல கால் முதலில், இறங்கப் பாதித்த கால் முதலில் என்பதும் பழகிவிட்டது.

இப்போது கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட் போடச் சொல்கிறார்கள். கால் இன்னும் பலவீனமாகிவிடும் என்று அப்பா மறுக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது அணிந்திருக்கிறார்களா? எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அதற்கு மேல் எந்த மாதிரி செருப்பு சரியாக வந்தது? அப்புறம், இடது பக்கத்தைக் கவனிக்க எப்படிப் பழக்கினீர்கள்? விழுந்துவிடுவாரோ என்று கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன். எப்போது விடலாம் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?